வெயிலோடு மல்லுக்கு நிற்கும் விளக்கு



டத்தோ கிராமாட்டிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் விலைபோய், அங்கே வீடுகள் எழும்பியபோது, குடும்பத்தோடு பினாங்குப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஓய்வு நாட்களில் கல்யாணப் படம் எடுக்கிறானாம். இப்போது பள்ளிக்கூடங்களிலும் கால்பந்து மன்றங்களிலும் விளையாட்டுப் பிள்ளைகளை நிற்க வைத்து உருவப்படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்களாம். ஓடும்போதும் தாண்டும்போதும் எடுக்கிற படம் அல்ல. பதக்கம் கழுத்தில் தொங்க, பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து நிற்கிற படம். அதற்காக மூவாயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள பிளாஷ் விளக்கைத் தவணையில் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறானாம்.

"வாத்தியார் ஐயா, கல்யாண மண்டபத்துக்குள் விளக்கு வேண்டும் என்றால் எனக்குப் புரிகிறது. பட்டப்பகலில், திடல் நடுவில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் விளக்கு எதற்கு? கடைக்காரன் இவனை ஏமாற்றுகிறானா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

கேள்வி நியாயமானது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல்தான் மாதம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. மூவாயிரம் வெள்ளி என்பது ஒரு மனிதனின் இரண்டு மாத உழைப்பு. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் படம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்து வருவதால், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவும் படிக்கட்டும், மகனும் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பகலில்தான் விளக்கு அதிகம் தேவை. ஆனால் மகன் கேட்கிற அந்தப் பெரிய விளக்கு அவனுக்கு இப்போது வேண்டுமா என்பது வேறு விஷயம்.

டத்தோ கிராமாட்டில் படம் எடுக்க இடமா இல்லை? பாடாங் பிரவுன் திடல் இருக்கிறது. பண்டாராயா ஸ்டேடியம் இருக்கிறது. 1974இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய பினாங்கு அணியின் சொந்தத் திடல் அது. இரண்டும் திறந்த வெளிகள். அங்கே ஒரு பையனைப் பகல் ஒரு மணிக்கு நிற்க வைத்துப் பாருங்கள். நெற்றி பளபளக்கும், மூக்கு நுனி பளபளக்கும், கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தாம் தெரியும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசைபோல விழும். தொப்பி போட்ட பிள்ளையாக இருந்தால் முகமே காணாமல் போய்விடும்.

இதற்குக் காரணம் பினாங்கு இருக்கும் இடம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் நாம் இருக்கிறோம். ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டம்பர் மாதத் தொடக்கத்திலும் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் விலகிப் போவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி முதல் நாள் மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் பினாங்கில் உண்மையான உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் வருகிறது. இது படம் எடுப்பவனுக்கு ஒரு வகையில் நல்ல செய்தி. காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை உயரத்தில்தான் இருக்கும். வெளிச்சம் சாய்வாக வந்து கண்ணுக்குள்ளும் விழும். பத்தரை மணிக்கு மேல் அந்தச் சலுகை குறைந்துகொண்டே போகும். ஆனால் பரிசு கொடுக்கிற நேரம் எது? பெரும்பாலான போட்டிகளில் பன்னிரண்டு மணியை நெருங்கித்தான். பிரமுகர் வந்து சேரத் தாமதமானால் கேட்கவே வேண்டாம்.

நம் கண் மிகவும் கெட்டிக்காரக் கண். வெயிலையும் நிழலையும் ஒரே பார்வையில் சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் திறமை போதாது. வானத்தின் நீலம் சரியாக வரவேண்டும் என்று அளந்தால் முகம் கறுத்துவிடும். முகத்துக்கு அளந்தால் வானம் வெள்ளைத் துணிபோல வெளுத்துவிடும். முகத்தில் விழுந்த நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சத்தை ஊற்றி, வானத்துக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும். பகல் பிளாஷின் வேலை அதுதான்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். தோட்டத்திலும் திடலிலும் வெயில் பட்டு வளர்ந்த கறுத்த மேனி நமக்கு. கேமராவின் உள்ளே இருக்கும் அளவுகோல், எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி அளக்கிறது. பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அதைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுத்த முகம் மேலும் கறுக்கும். இது இன்று வந்த வம்பு அல்ல. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பி வைக்கும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல நிறத்து மனிதர்களை வைத்து அந்த அட்டையைத் திருத்தியது 1990களில்தான். அதற்கு முன்பே முறையிட்டவர்களில் சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் உண்டு. தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேறுபாடு விளம்பரப் படத்தில் தெரியவில்லை என்பது அவர்கள் குறை. மனிதர்கள் முறையிட்டபோது அசையாதவர்கள் மேசை நாற்காலிக்காக அசைந்தார்கள் என்று கேலி செய்வாரும் உண்டு.

டாக்டர் ஜெகதீசன், எம். ராஜாமணி இருவரும் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் முகங்களைக்கூட நாம் அந்நாளில் செய்தித்தாளின் மை பரவிய தாளில்தான் பார்த்தோம். நிழலில் இருக்கும் கறுத்த முகம் அச்சுக்குப் போனால், புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் மைத்திட்டாகிவிடும். யார் ஓடியது என்று படத்தின் கீழே உள்ள பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டார அளவில் முதலாவதாக வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு வாழ்நாளில் கிடைக்கப்போவது ஒருவேளை அந்த ஒரு படம்தான். அதில் கண் தெரிய வேண்டாமா?

சரி, விளக்குக்கு வருவோம். கடைகளில் மூன்று அளவில் இருக்கின்றன.

கேமராவின் தலையில் செருகுகிற சிறிய பிளாஷ் முதல் வகை. நான்கு பென்டார்ச் பேட்டரி போட்டால் வேலை செய்யும். கோடாக்ஸ் டிடி600 போன்றவை சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். அடுத்தது, செங்கல் அளவில் கையில் அடங்குகிற விளக்கு. கழற்றி மாட்டும் லித்தியம் பேட்டரி உள்ளது. கோடாக்ஸ் ஏடி200 இந்த வகை. 200 ஜூல் சக்தி. ஒரு முறை சார்ஜ் செய்தால் முழு வெளிச்சத்தில் சுமார் 500 தடவை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். மூன்றாவது, 600 ஜூல் விளக்கு. மகன் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். சுமார் மூன்று கிலோ எடை. அதைத் தாங்கத் தடித்த கால், தடித்த காலைத் தூக்க இன்னோர் ஆள். மோட்டார்சைக்கிளில் போகிற பிள்ளை இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எது போதும் என்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் வாய்ப்பாடு போட வேண்டும். பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குதான்.

நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100 வைத்து, ஷட்டரை நொடியில் 200இல் ஒரு பங்கு வைத்தால், கேமராவின் துளை எஃப் 11 அளவில் இருக்க வேண்டும். இது பிலிம் காலத்திலிருந்து வரும் பழைய கணக்கு. ஆக, வெயிலின் பலம் எஃப் 11. நம் விளக்கு முகத்தில் எவ்வளவு தருகிறது என்று இதோடு ஒப்பிட வேண்டும்.

பிளாஷ் பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். ஆனால் அந்த 60, வெளிச்சத்தை டார்ச் லைட் மாதிரி ஒடுக்கி ஒரே கோட்டில் அடிக்கும்போது கிடைப்பது. சாதாரணமாக விரித்து அடித்தால் 36 அளவுக்கு இறங்கும். வெளிச்சத்தை மென்மையாக்கக் குடைக்குள் விட்டால் அதிலும் பாதி, அதாவது 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடமிருந்து 2 மீட்டரில் குடையை வைத்தால் 18ஐ 2ஆல் வகுத்து 9; ஏறக்குறைய எஃப் 8. வெயில் எஃப் 11, விளக்கு எஃப் 8. வெயிலைவிட ஒரு படி குறைவு. படம் எடுப்பவர்கள் இந்தப் படியை 'ஸ்டாப்' என்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு அல்லது பாதி.

வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவான வெளிச்சம், நிழலை நிரப்புவதற்கு அழகாகப் போதும். கண் தெரியும், விளக்கு அடித்த சுவடும் தெரியாது. அப்படியானால் சில நூறு வெள்ளி பிளாஷே போதுமே என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளைக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுச் சக்தியில் அடிக்க வேண்டியிருக்கும். மறுபடியும் தயாராக மூன்று நான்கு நொடி பிடிக்கும்; பேட்டரி இளைத்துவிட்டால் இன்னும் நேரமாகும். பதினைந்து பேர் கொண்ட கால்பந்து அணியை வரிசையாக எடுத்து முடிப்பதற்குள் பிளாஷ் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலைநிறுத்தம் செய்துவிடும். வெயிலில் வைத்த பிளாஷ் இன்னும் சீக்கிரம் சூடேறும்.

200 ஜூல் விளக்கு இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி உள்ளது. அதாவது ஒன்றரை ஸ்டாப் கூடுதல். அதே குடை, அதே 2 மீட்டர்; இப்போது வெயிலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வந்துவிடும். நிரப்புவதற்கு மட்டும் என்றால் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு சக்தியிலேயே வேலை முடிந்துவிடும். அடித்த மறு நொடியே தயார், சூடும் இல்லை. இந்த வேலைக்கு இதுதான் சரியான அளவு என்பது என் முடிவு.

600 ஜூல் என்றால் இன்னும் ஒன்றரை ஸ்டாப். அது எதற்கு? விளம்பரப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள்: பகல்தான், ஆனால் வானம் கருநீலமாக, புயல் வரப்போவதுபோல இருண்டிருக்கும், ஆட்டக்காரர் மட்டும் தங்கச் சிலைபோல ஜொலிப்பார். வெயிலை அடித்து வீழ்த்தி எடுக்கும் படம் அது. காலணிக் கம்பெனிக்கு அழகு. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை அப்படி எடுத்துக் கொடுத்தால் பெற்றோர்கள், "ஏன் தம்பி, மழை நாளிலா எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அத்தகைய படத்துக்குப் பணம் கொடுக்கிற வாடிக்கையாளர் வரும்போது பெரிய விளக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தவணை கட்ட வேண்டாம்.

அடுத்து ஒரு சிக்கல். விளக்கு வாங்கி முதல் நாளே பல பேர் திணறுகிற இடம் இது. வெயில் அதிகமாக இருக்கிறதே என்று ஷட்டரின் வேகத்தை நொடியில் 1000இல் ஒரு பங்குக்கு ஏற்றுவார்கள். படத்தில் பாதி கறுப்புப் பட்டையாக வரும். விளக்கு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். விளக்கு கெடவில்லை. கேமராவுக்குள் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று திறந்துகொண்டு போக, மற்றது மூடிக்கொண்டே பின்னால் வரும். 200இல் அல்லது 250இல் ஒரு பங்கு நொடி வரையில்தான் முழு ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் போனால் திரைகளுக்கு நடுவில் ஒரு கீற்றுதான் திறப்பு. அது நகர்ந்துகொண்டே போகும். பிளாஷ் கண நேரத்தில் மின்னி மறைவதால், அப்போது திறந்திருந்த கீற்றுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். மற்றப் பகுதி இருட்டு.

இதற்கு 'ஹை ஸ்பீட் சிங்க்' என்று ஒரு வழி உண்டு. ஒலிம்பஸ் கம்பெனி 1980களின் பிற்பாதியில் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரே அடியாக அடிக்காமல், கீற்று கடந்து முடியும் வரை விளக்கு படபடவென்று தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். படம் முழுக்க வெளிச்சம் விழும். பலம் மட்டும் நாலில் ஒரு பங்காகிவிடும், சில சமயம் அதற்கும் கீழே போகும். பின்னால் இருக்கும் கொடிக்கம்பம், கார், குப்பைத் தொட்டி எல்லாம் மங்கலாகக் கரைந்து பிள்ளை மட்டும் தெரிய வேண்டும் என்றால் துளையைப் பெரிதாகத் திறக்க வேண்டும். திறந்தால் ஷட்டர் வேகம் ஏறியே ஆக வேண்டும். அப்போது இந்த வசதி வேண்டும். ஆகவே வாங்குகிற விளக்கில் ஹை ஸ்பீட் சிங்க் உண்டா, அந்த விளக்கைத் தூண்டுகிற டிரிக்கர் தன் கேமராவின் கம்பெனிக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். கேனன் கேமராவுக்கான டிரிக்கரை நிக்கானில் மாட்டினால் இந்த வசதி வேலை செய்யாது. சரியான டிரிக்கர் இல்லாமல் விளக்கை மட்டும் வாங்கி வந்தால், விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இஷ்டப்படி ஆட்ட முடியாது. தள்ளி வைக்க முடியாத விளக்கு நேர் முன்னாலிருந்து அடிக்கும். முகம் தட்டையாகத்தான் வரும்.

இன்னொரு வழி, லென்சுக்கு முன்னால் 'என்டி' என்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டுவது. வெயிலையும் விளக்கையும் ஒரே அளவில் குறைக்கும். விளக்கின் பலம் வீணாகாது. குறி பார்க்கும் ஜன்னல் மட்டும் கொஞ்சம் இருட்டும். செலவு குறைந்த வழி. 2023இல் சோனி கம்பெனி திரையே இல்லாத ஒரு கேமராவை அறிவித்து இந்தத் தொல்லையை அடியோடு ஒழித்துவிட்டது. அதன் விலையைக் கேட்டால் நமக்குத் தொல்லையே மேல் என்று தோன்றும்.

எவ்வளவு சக்தி என்பதில் எல்லாரும் மயங்குகிறார்கள். விளக்கின் முகம் எவ்வளவு பெரியது என்று கேட்பவர் குறைவு. நம் பிள்ளைகளின் தோலுக்கு அதுதான் முக்கியம். கறுத்த தோல் தன் வடிவத்தைக் காட்டுவது பளபளப்பினால். கன்னத்து எலும்பின்மேல் நீளமாக ஓடுகிற ஒரு மெல்லிய ஒளிக்கோடுதான் அந்த முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. சின்ன பிளாஷை நேராக அடித்தால், வியர்த்த முகத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். எண்ணெய் வழிகிற மாதிரி இருக்கும். அதே வெளிச்சத்தை ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடை வழியாக விட்டால் புள்ளிகள் கலைந்து மெதுவாகப் பரவும். பவுடர் பூசி வெளுப்பாக்குகிற பழைய ஸ்டூடியோ வழக்கம் இங்கே தேவையில்லை. வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கொஞ்சம் வியர்வை இருந்தாலும் நல்லதுதான். ஓடி ஜெயித்த பிள்ளையல்லவா?

எனவே ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி விளக்கோடு குடைக்கும் காலுக்கும் இன்னொரு நூற்றைம்பது ஒதுக்க வேண்டும். முடியாதென்றால் வெள்ளைப் பாலிஸ்டைரின் பலகை ஒன்று வாங்கட்டும். பட்டணத்துக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். சூரியனைப் பிள்ளையின் முதுகுப் பக்கம் வைத்து, பலகையால் வெயிலைத் தடுத்து முகத்துக்குத் திருப்பினால், விளக்கே இல்லாமல் பாதி வேலை முடிந்துவிடும். விளக்கு வாங்கும் முன் இரண்டு மாதம் இந்தப் பலகையோடு பழகச் சொல்லுங்கள், அம்மா. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பலகை கற்றுக்கொடுத்துவிடும்.

நிழலைத் தேடிப் போவதும் ஒரு வித்தைதான். விளையாட்டரங்கில் கூரை போட்ட பார்வையாளர் மேடை இருக்கிறதே, அதன் விளிம்பில், நிழலுக்குள் ஒரு அடி உள்ளே பிள்ளையை நிறுத்தினால் வெயிலின் பலம் மூன்று நான்கு ஸ்டாப் இறங்கிவிடும். அங்கே சின்ன பிளாஷே சிங்கம்போல வேலை செய்யும். புல்தரைக்குப் பக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெயில் பட்ட புல்லிலிருந்து பச்சை நிறம் தாடைக்குக் கீழே ஏறிக்கொள்ளும்; நோயாளி மாதிரி தெரியும். சிமெண்டுத் தரை நல்லது.

அணிப் படம் எடுக்கும்போது நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி. பட்டணத்துப் பள்ளி அணியில் சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை மூன்று பேரும் தோள்மேல் கைபோட்டு நிற்பார்கள். விளக்கை ஒரு பக்கத்தில் வைத்தால், விளக்குக்கு அருகில் இருப்பவனுக்கு அதிக வெளிச்சம். தூரத்தில் இருப்பவனுக்குக் குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். கறுத்த பிள்ளையை விளக்குக்கு அருகிலும் வெளுத்த பிள்ளையைச் சற்றுத் தள்ளியும் நிறுத்தினால், எல்லா முகமும் ஒரே மாதிரி தெளிவாக வரும். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "நீ இங்கே வா, நீ அங்கே போ" என்றால் போதும். தானியங்கி அளவான 'டிடிஎல்'லை இந்த நேரத்தில் நம்பக் கூடாது. வெள்ளைச் சட்டை அணியைப் பார்த்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுப்புச் சட்டை அணியைப் பார்த்தால் கூட்டிவிடும். ஒரு முறை கையால் அளந்து வைத்துவிட்டு, விளக்கையும் பிள்ளைகள் நிற்கும் இடத்தையும் மாற்றாமல் எடுத்துக்கொண்டே போகலாம். காலால் புல்லில் ஒரு கோடு கிழித்து, "இதில் நில்" என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுபடி தயாராகும் நேரம் பற்றி மேலே சொன்னேன். 1965 மே மாதம் அமெரிக்காவில் முகமது அலி, சன்னி லிஸ்டனை வீழ்த்திவிட்டு அவர்மேல் குனிந்து கத்துகிற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் நீல் லைபர். குத்துச்சண்டை மேடைக்கு மேலே பிளாஷ் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு தடவை மின்னினால் மறுபடி சக்தி ஏறப் பல நொடிகளாகும். அலி அப்படி நின்றது கொஞ்ச நேரம்தான். அவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. இன்று ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி விளக்கு, கால் பங்குச் சக்தியில் ஒரு நொடிக்குள் தயாராகிவிடுகிறது. பிள்ளைகளின் நல்ல சிரிப்பு முதல் படத்தில் வருவதில்லை. 'முடிந்தது, போகலாம்' என்று சொன்ன பிறகு வரும். அப்போது விளக்கு தயாராக இருக்க வேண்டும்.

வீட்டில் தாத்தா காலத்து பிளாஷ் இருக்கிறதே, அதை மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாட்ட வேண்டாம். பழைய பிளாஷ் சிலவற்றில் கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கும். அந்தக் காலத்துக் கேமரா தாங்கியது. இந்தக் காலத்துக் கேமராவின் உள்ளுறுப்பு கருகிவிடும். எந்த பிளாஷையும் திறந்து பழுது பார்க்கவும் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும்.

போட்டி நடக்கும்போது ஓடுகிற பிள்ளையின் முகத்திலோ பந்தைப் பிடிக்கப் பாய்கிற கோல் காவலர் கண்ணிலோ பிளாஷ் அடிப்பது தவறு. பூப்பந்து, ஜிம்னாஸ்டிக் போன்ற ஆட்டங்களில் பொதுவாகவே அனுமதிக்க மாட்டார்கள். உருவப்படத்தை ஆட்டம் தொடங்கும் முன்னோ முடிந்த பின்னோ, ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

பினாங்கில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். குடை மாட்டிய விளக்குக் கால் பாய்மரம்போலச் சாயும். நூறு வெள்ளி மணல் பைக்குப் பதிலாக, ஒன்றரை லிட்டர் தண்ணீர் புட்டிகள் நான்கைத் துணிப்பையில் போட்டுக் காலின் நடுத்தண்டில் தொங்கவிட்டால் ஆறு கிலோ பாரம் கிடைக்கும். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார்சைக்கிளோடு பெரியில் ஏறி வருகிறவர்களுக்கும் இது வசதி. காலிப் புட்டியைக் கொண்டுவந்து திடல் குழாயிலேயே நிரப்பிக்கொள்ளலாம். காற்று மிஞ்சினால் குடையை மடக்கிவிட்டு, விளக்கைப் பார்வையாளர் மேடையின் வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பிக்கொள்ளலாம். சுவர் விழாது.